நாலு கிலோமீட்டர், எளிது

"சனிக்கிழமை எந்தக் காடுங்க?" என்று மனைவி கேட்டபோது லிஃப்ட் மெக்கானிக்கின் வாயில் காபி இருந்தது. அதை விழுங்குவதா, துப்புவதா என்று முடிவு செய்ய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாத்துக்கிட்டு இருக்கேன். நிறைய இருக்கு. எதை எடுக்குறது, எதை விடுறதுன்னுதான்…"

"அரை நாள்ல போயிட்டு வர்ற மாதிரி பாருங்க. ரொம்பச் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. உங்களுக்கு அதெல்லாம் ஜுஜுபி, தெரியும். எனக்காகக் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

பொறுத்துக்கொள்வதாக அவன் பெருந்தன்மையுடன் தலையாட்டினான்.

விஷயம் இதுதான். அவன் தன் வாழ்நாளில் காட்டில் நடந்ததே இல்லை. காட்டை விடுங்கள், மாடிப்படியில்கூட அதிகம் நடந்ததில்லை. பன்னிரண்டு வருஷமாக லிஃப்ட் வேலை. இரண்டாவது மாடியில் வேலை என்றாலும் முதலில் லிஃப்டை ஓட வைத்து, அதில் ஏறித்தான் போவான். கேட்டால் தொழில் பக்தி என்பான்.

வினை அக்கா ரூபத்தில் வந்தது. வரன் தேடும் இணையதளத்தில் அவனைப் பற்றிய விவரங்களை ஏற்றியவள் அக்காதான். படிப்பு சுமார், உயரம் சுமார், தலைமுடி போகிற போக்கில் இருந்தது. 'பொழுதுபோக்கு' என்ற கட்டமும் காலியாகக் கிடந்ததைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. 'வார இறுதிகளில் காட்டு நடை' என்று தட்டிவிட்டாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின?"

"தூங்குறதுன்னு எழுதினா எவடா வருவா?"

நியாயமான கேள்வி. அந்த வரி அப்படியே நின்றுவிட்டது.

அதை நம்பி ஒருத்தி வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை. முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டாள்: "எனக்கும் காட்டு நடைன்னா உயிர். உண்மையைச் சொல்லணும்னா, உங்க விவரத்துல எனக்குப் பிடிச்சது அந்த ஒரு வரிதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போதே உண்மையை உடைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

கல்யாணமாகி ஆறு மாதம் பழைய ஊரில் பிழைப்பு ஓடிவிட்டது. அங்கே நாலு பக்கமும் தொழிற்சாலைகள். காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலில் ஒரு ராத்திரி போக வேண்டும். "நடக்காம காலெல்லாம் நமநமங்குது" என்று மாதத்துக்கு ஒரு தடவை பெருமூச்சு விட்டால் போதும். அவளும் கூடவே ஒரு பெருமூச்சு விடுவாள். அதோடு இருவரும் டி.வி. பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்போதுதான் கம்பெனி அவனை இந்த ஊருக்கு மாற்றியது.

புது வீட்டில் சாமான் இறக்க உதவிக்கு வந்தவர், இங்கே அவனுக்கு சீனியரான மெக்கானிக். மூன்று பேர் எடை ஒருவரே இருந்ததால் ஒர்க்ஷாப்பில் அவருக்கு 'ஓவர்லோடு' என்று பெயர். ஃபிரிட்ஜை இறக்கிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மனைவி காதில் விழும்படி அந்த மனுஷன் திருவாய் மலர்ந்தார்: "இந்த ஊர்ல மூணு பக்கமும் காடுதான் தம்பி. எந்தப் பக்கம் போனாலும் அரை நாள்ல நடந்துட்டு வந்துடலாம்."

"ஐயோ, நிஜமாவா!" என்றாள் மனைவி.

"அட, நிஜமாவா!" என்றான் அவனும். இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலித்தன.

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போனது. இணையத்தில் உட்கார்ந்து அரை நாள் நடைகளைத் தேடினான். முதலில் கிடைத்தது ஓர் அருவி. மூன்று கிலோமீட்டர், 'எளிது' என்று போட்டிருந்தது. கீழே ஒருவர், 'மிக எளிது, என் எட்டு வயது மகள் ஓடியே போனாள்' என்று எழுதியிருந்தார். அடுத்தவர், 'எளிதுதான், கயிறு மட்டும் எடுத்துப் போகவும்' என்று எழுதியிருந்தார். அவன் அந்தப் பக்கத்தை மூடினான். அடுத்து ஓர் ஏரி. 'அருமையான பாதை. அட்டை அதிகம் கடிக்கவில்லை.' அதையும் மூடினான். 'எளிது' என்ற சொல்லை எழுதுகிறவர்களுக்கெல்லாம் ஆட்டுக்கால் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தான்.

கடைசியில் ஓடைக்கரைப் பாதை என்று ஒன்று சிக்கியது. நாலு கிலோமீட்டர், எளிது, சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். கயிறு இல்லை, அட்டை இல்லை.

"ஏத்தம் எவ்வளவுங்க?" என்று மனைவி கேட்டாள். எப்பேர்ப்பட்ட கேள்வி! தெரிந்தவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள் என்று அவன் பயந்தான்.

"ஒரு பதினாலு மாடி இருக்கும்."

"மாடியா?"

"நாங்க… பழக்கப்பட்டவங்க அப்படித்தான் கணக்கு சொல்லுவோம்."

"ஆமாமா," என்றாள் அவள் அவசரமாக. "எங்க பக்கமும் அப்படித்தான்."

முதல் சனிக்கிழமை காலையில் அவன் பூட்ஸில் கால் விடுகிற நேரத்துக்கு போன் அடித்தது. அடிக்கச் சொல்லியிருந்தவன் அவன்தான். ஓவர்லோடு எழுதிக் கொடுத்தபடி ஒப்பித்தார்: "ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சு, உடனே வா." அரை நாளை ஒர்க்ஷாப்பில் கேரம் ஆடிக் கழித்தான். திரும்பி வந்தால், பாவம் மனைவி, ஏமாற்றத்தை மறைப்பதற்காகச் சமையலறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அவனுக்கு நெஞ்சைப் பிசைந்தது.

இரண்டாவது சனிக்கிழமை அவனுக்குக் கணுக்கால் சுளுக்கியது. குளியலறையில், யாரும் பார்க்காதபோது. அவள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஓடி வந்து தைலம் தேய்த்துவிட்டாள். "கால்தான் முக்கியம், காடு எங்க போகப்போகுது" என்று ஆறுதல் சொன்னாள். இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று அவனுக்கு நிஜமாகவே வலித்தது, வலது கணுக்காலில். சுளுக்கியதாகச் சொன்னது இடது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்:

"ஏங்க, நான் கூட வந்தா உங்களுக்கு இடைஞ்சலா?"

"ஏன்?"

"இல்ல, வேகமா நடந்து பழகினவரு. என்னைக் கூட்டிட்டுப் போறது சங்கடமா இருக்கோன்னு…"

மடித்த துணியையே அவள் மறுபடி மடித்தாள். அத்தனை நாளும் தன் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்றுதான் அவன் பயந்துகொண்டிருந்தான். தான் விலகி விலகிப் போவது அவளுக்கு என்னவாகத் தெரியும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "வர்ற சனிக்கிழமை ஓடைக்கரைப் பாதை. பூமி பிளந்தாலும் போறோம்," என்றான்.

சொல்லிவிட்டான். பூமி பிளக்குமா என்று ஐந்து நாள் காத்திருக்கவும் தயார்தான். ஓவர்லோடுதான் வேறு வழி காட்டினார்.

"பரீட்சைக்கு முன்னாடி கேள்வித்தாளைப் பாத்துட்டா பயம் எதுக்கு? புதன்கிழமை லீவு போடு. தனியாப் போய் ஒரு சுத்து சுத்திட்டு வா. சனிக்கிழமை கண்ணை மூடிக்கிட்டு நடக்கலாம்."

புதன்கிழமை அவன் வேலைக்குப் போவதுபோல் கிளம்பிக் காட்டுக்குப் போனான். வாசலில் ஒரு காவலர் கூண்டு. உள்ளே நரைத்த மீசையோடு ஒரு வனக் காவலர், பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உள்ள புலி கிலி இருக்கா?"

"புலியா! நான் இங்க வந்து இருபது வருஷமாச்சு. நான் பாத்ததில்ல, தைரியமாப் போங்க."

போனான். நாற்பதாவது நிமிஷம் தொலைந்தான். பாதை மூன்று இடத்தில் பிரிகிறது. மேலே, கீழே என்று இரண்டே திசை தெரிந்த தொழிலில் இருப்பவனுக்கு இடது, வலதெல்லாம் அந்நிய விவகாரம். ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "அண்ணே!" என்று அலறியவனை, காவலர்தான் தேடி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

வெளியே வந்து தண்ணீர் குடித்தபின் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "என் மனைவி காட்டு நடையில கைதேர்ந்தவங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சா, என் மானம் கப்பலேறிடும். சனிக்கிழமை வருவோம். என்னைப் பாத்ததாவே காட்டிக்காதீங்க."

"என் வாய் பூட்டு போட்ட பெட்டி சார்," என்றார் காவலர்.

வழியை அவர் சொல்லச் சொல்ல உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். ஆனால் மனைவி முன்னால் உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து நடக்க முடியுமா? பைக் பெட்டியில் வேலைக்கான சிவப்பு பிளாஸ்டிக் நாடா இருந்தது. பழுதான லிஃப்டின் வாசலில் குறுக்கே கட்டுகிற நாடா. அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனான். பிரிகிற இடத்தில் எல்லாம், சரியான பாதை எதுவோ அந்தப் பக்கத்து மரத்தில் ஒரு முழம் கட்டினான். சிவப்பைப் பிடித்துக்கொண்டே போனால் காடு முடிந்துவிடும். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு வேலை ஜாஸ்தி" என்று எட்டு மணிக்கே படுத்துவிட்டான்.

மறுநாள் வியாழன், மனைவிக்கு வார விடுமுறை. மாலையில் வீட்டுக்கு வந்தவன் கூடத்து ஜன்னலைப் பார்த்தான்.

"நீலத் திரை எங்க?"

"இந்த வீட்டு ஜன்னலுக்கு அது குட்டை. எடுத்துட்டேன்," என்றாள் அவள், முழங்காலில் தைலம் தேய்த்தபடி. "நாள் பூரா வீடு ஒழிச்சேன். எனக்குத் தூக்கம் வருது."

அவனுக்கு மறுத்துக் கேட்கத் தெம்பில்லை. தன் தொடையில் தைலம் தேய்க்க இடம் தேடிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசி ஒத்திகைக்குப் போனான். காவலர் அவனைப் பார்த்ததும் மீசைக்குள் சிரித்தார். "இந்த வாரம் காட்டுக்கு என்னமோ கிரகம் சார். ஆளாளுக்கு வந்து எதையாவது கட்டிட்டுப் போறாங்க."

உள்ளே போய்ப் பார்த்தால் உண்மைதான். முதல் பிரிவில், அவன் சிவப்பு இடப்பக்கம் படபடத்தது. எதிரே வலப்பக்கத்து மரத்தில் யாரோ ஒரு நீலத் துணிப் பட்டையைக் கட்டியிருந்தார்கள். அந்தப் பாதையில் கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஊர் ஜனங்களைத் தப்பான வழியில் இழுத்துவிடுகிற காலிகள் வேலை என்று அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கு மனைவி இதைப் பார்த்துக் குழம்பினால்? எட்டிய வரைக்கும் ஐந்து பட்டைகளை அவிழ்த்து வாசல் குப்பைத் தொட்டியில் போட்டான். அதற்குமேல் உள்ளே போக பயம், திரும்பிவிட்டான்.

சனிக்கிழமை விடிந்தது. ரொட்டி, ஆரஞ்சுப் பழம், தண்ணீர் பாட்டில். இருவரும் புது பூட்ஸ். "பழசு தேஞ்சு போச்சு" என்று இருவருமே சொன்னார்கள். காவலர் கூண்டு காலியாக இருந்தது. 'இதோ வருகிறேன்' என்று அட்டை தொங்கியது. கடவுள் தன் கட்சி என்று மெக்கானிக்குக் குஷி தாங்கவில்லை.

முதல் பிரிவு வந்தது. சிவப்பு இடப்பக்கம் ஆடியது. அவன் அதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்து, மண்ணைக் கிள்ளி மோந்துவிட்டு, "ம்ம்… இடது," என்றான்.

"ஐயையோ!" என்று மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க!"

பார்த்தான். பன்னிரண்டு வருஷமாகத் தினமும் கையில் பிடிக்கிற நாடா. அதில் எழுத்து இருப்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

'ஆபத்து! உள்ளே நுழையாதீர்!'

"இது… இது சும்மா…"

"சும்மாவா? யாரோ பெரிய அதிகாரி வந்து கட்டியிருக்காரு. வலப்பக்கம்தான் போகணும்." அவள் வலப்பக்கத்து மரத்தை மேலும் கீழும் பார்த்தாள். எதையோ தேடுகிற மாதிரி சுற்றி வந்தாள். மரப்பட்டையைப் பார்த்தே திசை கண்டுபிடிக்கிறாள் போலிருக்கிறது என்று அவன் அசந்து போனான்.

"நிச்சயமா வலதுதானா?"

"வ… வலதுதான்."

அந்த நாடாவைக் கட்டிய அதிகாரி நான்தான் என்று எப்படிச் சொல்வது? நிபுணி சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று பின்னாலேயே போனான். ஒவ்வொரு மரத்தின் முன்னும் அவள் நின்றாள், தேடினாள், கொஞ்சம் வெளுத்தாள், நடந்தாள். ஒரு மணி நேரத்தில் பாதை ஒற்றையடியானது. இரண்டு மணி நேரத்தில் அரையடியானது. அப்புறம் பாதை என்று சொல்வதற்கு எதுவும் இல்லை. ஒரே பாறையை மூன்றாவது தடவையாகத் தாண்டினார்கள்.

"இந்தப் பாறையை முன்னாடியே பாத்தோமோ?" என்றான்.

"பாறைன்னா எல்லாம் ஒரே மாதிரிதாங்க இருக்கும்."

"இதுல நம்ம ஆரஞ்சுத் தோல் கிடக்கு."

அவள் அந்தப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டது. மதியம் தாண்டி வெயில் சாய ஆரம்பித்தது. இருவரும் மாறி மாறி "யாராவது இருக்கீங்களா!" என்று கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அவள் உதடு நடுங்குவதைப் பார்த்தான். இவ்வளவு தெரிந்தவளையே தன் பொய் இப்படிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டதே என்று அவனுக்கு அழுகை முட்டியது. இனி முடியாது என்று தோன்றியது.

"நான் ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"எனக்குக் காட்டு நடையே தெரியாது. இதுக்கு முன்னாடி நடந்ததே இல்ல. அந்த வரி அக்கா எழுதினது. லிஃப்ட்ல ஆள் மாட்டல, கால் சுளுக்கல. அந்தச் சிவப்பு நாடா நான் கட்டினது, அதுதான் சரியான வழி." மூச்சு வாங்கினான். "உன்னைப் பாத்ததுக்கு அப்புறம் இல்லன்னு சொல்ல தைரியம் வரல. அந்த ஒரு வரிக்காகத்தானே நீ வந்த? அது பொய்னு தெரிஞ்சா, என்கிட்ட உனக்குன்னு வேற என்ன இருக்கு?"

அவள் கண்கள் விரிந்தன. முகத்தில் ஏதேதோ ஓடியது. அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு மெதுவாக எழுந்தாள். பாறைமேல் ஏறி, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஆறு மாசம்!"

அவன் தலை குனிந்தான்.

"ஆறு மாசமா ஒரு பொண்ணை ஏமாத்தியிருக்கீங்க! மாசா மாசம் என்ன பெருமூச்சு! கால் நமநமங்குதாம்!"

"தப்புதான்…"

"பேசாதீங்க! மத்த எதுல வேணா பொய் சொல்லியிருக்கலாம். காட்டு நடையிலயா? அதுவும் என்னை மாதிரி ஒருத்திகிட்டயா?"

"மன்னிச்சிடும்மா."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போறது. அதுல என்னங்க வெக்கம்? மனுஷனுக்கு நேர்மைதான் முக்கியம். இதே நானா இருந்தா முதல் நாளே…"

புதர் விலகியது. கையில் கம்போடு, நரைத்த மீசையோடு காவலர் வெளியே வந்தார். மனைவி உயர்த்திய ஆட்காட்டி விரல் உயர்த்திய இடத்திலேயே நின்றது.

என்னதான் குட்டு உடைந்துவிட்டாலும், மரத்தைக் கட்டிப் பிடித்து அலறிய கதையாவது மிஞ்சட்டுமே என்று மெக்கானிக் அவருக்குக் கண்ணைக் காட்டினான். ஆனால் அவர் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் தலைக்கு மேலாக, பாறைமேல் நின்றவளைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். இருபது வருஷமாகப் பூட்டியிருந்த பெட்டி திறந்துகொண்டது.

"அட, நீங்களா அம்மா! முந்தாநேத்து ஜன்னல் திரையைக் கிழிச்சுக் கிழிச்சு மரத்துல கட்டிக்கிட்டு, 'எனக்குக் காடுன்னாலே பயம், ஆனா எங்க வீட்டுக்காரர் காட்டு நடையில புலி, அவருக்குத் தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்'னு என்கிட்ட அழுதீங்களே, அந்தப் புலி இவருதானா?"